ஓடாத ட்ராமுக்கு நான் வரைந்த கோடு

யாழ்ப்பாணத்தில் ட்ராம் ஓடவில்லை. ஓடப்போவதாக ஒரு பேச்சு இருந்ததைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு மறக்கவில்லை. அது போகவிருந்த பாதையை வரைந்தவள் நான்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்து, கொஞ்சக் காலம் வீட்டுப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த ஒரு ஆலோசனை நிறுவனம் ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். எடுத்துவிட்டார்கள். உடுப்பிட்டியிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், ஒரு மருந்துக்கடைக்கு மேலிருந்த இரண்டு அறைக் கந்தோரில் வேலை செய்தேன்.

ட்ராம் திட்டத்துக்கு இரண்டு கட்டங்கள். முதலாவது, புகையிரத நிலையத்தில் தொடங்கி ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் வழியாக நகரைச் சுற்றுவது. அதைக் கொழும்பில் வேறு ஒரு குழு பார்த்தது. இரண்டாவது, அந்தப் பாதையை நகரத்திலிருந்து வடக்கே போகும் பெருந்தெரு வழியாக நீட்டுவது. அது எங்கள் பொறுப்பு. முதலாம் கட்டத்துக்கே ஒரு கல்லும் நடப்படவில்லை, நாங்கள் அதன் நீட்சியைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தோம். இது ஒரு விசர் வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

முதல் மூன்று மாதமும் தெருவிலேயே நின்றோம். எத்தனை பஸ், எத்தனை ஓட்டோ, எத்தனை மோட்டார் சைக்கிள், எத்தனை உழவு இயந்திரம் என்று எண்ணினோம். ஒவ்வொரு கடை வாசலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று நாடா பிடித்து அளந்தோம். மதகு, மின்கம்பம், மரம், படிக்கட்டு ஒன்றையும் விடவில்லை. சனம் நின்று கேட்கும்.

“ட்ராம் எண்டால் என்ன பிள்ளை?”

“றோட்டிலை ஓடுற ரெயில் கோச்சி மாதிரி, ஐயா.”

“அப்ப கோச்சிக்கு என்ன குறை?”

சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் மீன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று, “பெட்டியோடை ஏற விடுவியளோ? பஸ்ஸிலை கொண்டக்டர் பெடியள் ஏத்தமாட்டாங்கள்” என்று கேட்டார். நான் அதைக் கேள்விக்கொத்தில் எழுதினேன். ட்ராமின் கடைசிப் பெட்டியில் மீன்காரருக்கு இடம் விடலாம் என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். எங்கள் பொறியியலாளர் அதைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் வேண்டாம் பிள்ளை, வெளிநாட்டுக்காரர் வாசிக்கிற அறிக்கை” என்று வெட்டிவிட்டார். அப்போதுகூட அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கெட்டிக்காரர், ஊரவர், கொழும்பில் படித்து வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அந்தத் தெருவில்தான் என் அக்காவின் குடும்பம் இருந்தது. அத்தான் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முன்னுக்குக் கடை, பின்னுக்கு வீடு, ஒடுங்கிய நீளக் காணி. தகப்பன் காலத்துக் கடை அது. போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது நாலு சுவர் மட்டும் நின்றது என்றும், அந்தச் சுவரில் ஆணி அடித்த துவாரங்களை வைத்தே எந்தப் படம் எங்கே தொங்கியது என்று தன்னால் சொல்ல முடிந்தது என்றும் அத்தான் சொல்வார். சாமிப் படம், பட்டமளிப்புப் படம், கலியாணப் படம், செத்தவர்களின் படம் எல்லாம் அவரிடம் வரும். செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக்கு முதல் நாள் படம் வேண்டுமென்று ஓடி வருகிறவர்களை அவர் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. தெருவால் போகிறவர்கள் கண்ணாடி வழியே பார்த்து, பழக்கத்தில் உள்ளே வருவார்கள். அந்த இடம்தான் அந்தக் கடை.

நான் முதலில் வரைந்தது நடுக்கோடு. தெருவின் மத்தியில் பாதையை வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அகட்டுவது. அப்படிச் செய்தால் எல்லாருக்கும் ஒரு படிக்கட்டோ ஒரு மதிலோ போகும், ஒருவருக்கும் கடை போகாது. அதை வரைந்து முடித்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். ஒரு பெரிய தாளில் அச்சடித்து மேசையில் விரித்துவைத்துப் பார்த்தேன். அத்தானுக்கு வாசற்படி மட்டும்தான் போகிறது.

அடுத்த வாரம் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. நகரத்தின் முக்கியமான ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தத் தெருவின் கிழக்குப் பக்கத்தில், அத்தானின் கடைக்கு நேர் எதிரே கட்டடப் பொருள் கடை வைத்திருந்த வியாபாரி. எல்லாரையும் தம்பி, தங்கச்சி என்று மெதுவாகக் கதைப்பவர். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தபோது அவர் என் படத்தின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “வடிவாய்க் கீறியிருக்கிறீர் தங்கச்சி” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் முடிந்து நாலைந்து நாளில் பொறியியலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். கோட்டை முழுக்க மேற்குப் பக்கம் தள்ளச் சொன்னார்.

“ஏன் சேர்?”

“கிழக்குப் பக்கம் கோயில் தேர்முட்டி இருக்கு, பள்ளிக்கூட மதில் இருக்கு. கை வைச்சால் பிரச்சினை.”

“அது ரெண்டும் சந்தியடியிலைதானே சேர். அந்த இடத்திலை மட்டும் ஒதுக்கலாமே?”

“ட்ராமைப் பாம்பு மாதிரி வளைக்க ஏலாது பிள்ளை. நீர் கீறும்.”

நான் கீறினேன். மேற்குக் கோட்டில் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு செங்கல்லும் போகவில்லை. மேற்குப் பக்கத்தில் சின்னக் கடைகள் வரிசையாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டேன். அத்தானின் கடைக்கு நாற்பத்தொன்று. கடை முழுவதும், பின்னால் வீட்டின் முன் அறையும் கோட்டுக்குள் வந்தன. இலக்கங்களைக் கவனமாக, ஒரே அளவில் எழுதினேன்.

வேலைக்குச் சேரும்போது திட்ட விபரங்களை வெளியில் கதைக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருந்தேன். அதை நான் பெரிய சத்தியமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அத்தான் கேட்டார்.

“என்ன பிள்ளை, உங்கடை ட்ராம் எந்தப் பக்கத்தாலை போகுது? எங்கடை பக்கமோ, எதிர்ப்பக்கமோ?”

“இன்னும் முடிவாகேல்லை அத்தான்.”

“இல்லை, நான் மேலுக்கு ஒரு அறை கட்டப் போறன். பிள்ளையள் வளருதுகள். அதுதான் கேட்டனான்.”

“இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை” என்று திரும்பவும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சரி என்று தலையாட்டினார். படித்த மச்சாள், திட்டத்திலேயே வேலை செய்கிறவள், ஏதாவது இருந்தால் சொல்லாமல் விடுவாளா என்று நினைத்திருப்பார்.

அவர் மேலுக்குக் கொங்கிறீற் போட்டார். போட்ட நாள் என்னையும் வரச்சொன்னார்கள். போனேன். சீமெந்து குழைத்தவர்களுக்கு அக்காவோடு சேர்ந்து சாப்பாடு பரிமாறினேன். கம்பி கட்டியிருந்த முன் மூலையைப் பார்த்தபோது, அது என் கோட்டுக்கு எவ்வளவு உள்ளே வருகிறது என்று மனதுக்குள் அளந்துகொண்டேன். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த வேலை நின்றிருக்கும். சொல்லவில்லை. நேர்மையாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

சுவர்களில் அடையாளம் போடும் வேலை அதற்குப் பிறகு தொடங்கியது. சிவப்பு மையால் பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி, பக்கத்தில் இலக்கம். வீட்டுக்காரரோடு கதைத்துச் சமாதானப்படுத்த ஒரு பெண் போனால் நல்லது என்று என்னை அனுப்பினார்கள். மை அடிக்கிற இரண்டு பேரோடு நான் கடை கடையாகப் போனேன். எல்லா இடத்திலும் ஒரே பாடம் சொன்னேன். இது உத்தேசப் பாதை, நட்டஈடு கிடைக்கும், பயப்பட வேண்டாம். நாற்பதாவது கடைவரை அது நன்றாகத்தான் போனது.

அத்தான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார். மை டப்பாவைப் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

“நீ தெரிஞ்சுகொண்டுதானே இருந்தனீ” என்றார். சத்தம் போடவில்லை.

“அத்தான், நான் சொல்லக்கூடாது எண்டு...”

“சரி. அடிக்கச் சொல்லு.”

புதிதாகப் பூசிய சுவரில் அவர்கள் அடித்தார்கள். அக்கா உள்ளேயிருந்து மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். எனக்கு எப்போதும் தருகிற வெள்ளிப்பேணியில் அல்ல, வெளியாட்களுக்கு எடுக்கும் பீங்கான் கோப்பையில், தட்டு வைத்துத் தந்தாள். நான் குடித்தேன். வேறு என்ன செய்வது?

புள்ளடி விழுந்த பிறகு மேற்குப் பக்கத்துக் கடைகளுக்கு ஒரு கெட்ட காலம் தொடங்கியது. வங்கி கடன் தர யோசித்தது. கூரை மாற்ற இருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒரு கடைக்காரரின் மகளுக்கு அந்த வீடுதான் சீதனம், பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் “றோட்டுக்குப் போற வீடு எங்களுக்கு என்னத்துக்கு” என்று பின்வாங்கினார்கள். பொதுக்கூட்டத்தில் பெரிய திரையில் ட்ராமின் படம் காட்டினோம். அதில் நடந்துபோன ஆட்கள் ஒருவரும் எங்கள் ஊர்ச் சனம் போல இல்லை. நட்டஈடு எப்போது என்று கேட்டவர்களுக்குப் பொறியியலாளர், “நடைமுறைகள் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் எதிர்ப்பக்க வியாபாரி கடைகளை வாங்க வந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கதைத்தார். “அரசாங்கம் தரக்குள்ளை நீங்கள் கிழடாய்ப் போவியள். கந்தோர் கந்தோராய் அலைய எனக்கு ஆக்கள் இருக்கு, உங்களுக்கு ஆர் இருக்கினம்? நான் இப்ப தாறன்.” கேட்டவர்களுக்கு அது உதவி மாதிரித்தான் இருந்தது. அத்தானுக்குப் பக்கத்திலிருந்த மூன்று பேர் உடனே சம்மதித்துவிட்டார்கள்.

அத்தான் சம்மதிக்கவில்லை. ஒரு பின்னேரம் கந்தோர் வாசலில் சைக்கிளோடு நின்றார். அந்தச் சிவப்பு மைக்குப் பிறகு அவர் என்னோடு கதைக்க வந்தது அதுதான் முதல் தடவை.

“பிள்ளை, நடந்ததை விடு. இப்ப ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. கோடு மாறுமோ?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. இந்தமுறை ஒன்றையும் மறைக்கக்கூடாது என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். நடுக்கோடு இருந்ததை, அதை மேற்கே தள்ளியதை, அதற்குச் சொன்ன காரணத்தை. கடைசியில் சொன்னேன்:

“மாறாது அத்தான். விக்கிறது நல்லம்.”

“உனக்கு நிச்சயமாய்த் தெரியுமோ?”

“ஓம்.”

அவர் அடுத்த கிழமையே நொத்தாரிசிடம் போய் வியாபாரிக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தார். புது மேலறையில் அவருடைய பிள்ளைகள் மூன்று மாதம்தான் படுத்தார்கள். பெருந்தெருவை விட்டு உள்ளே ஒரு ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வாடகை வீடு எடுத்துக் கடையையும் அங்கே கொண்டுபோனார். ஒழுங்கைக்குள் போய்ச் சட்டம் போடுகிறவர்கள் குறைவு. தெருவில் புதிதாக ஒருவர் தொடங்கிய கடைக்குச் சனம் போய்விட்டது.

அதற்குப் பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போனது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. கடன் தருவதாக இருந்த வெளிநாட்டுக்காரர் கையை விரித்தார்கள். எங்கள் கந்தோரை மூடப் போவதாக ஒரு திங்கட்கிழமை சொன்னார்கள். கணினிகளைக் கட்டி லொறியில் ஏற்றினார்கள். கடைசி வேலையாக, இறுதி அறிக்கைகளை அடுக்கிப் பெட்டியில் போடும்படி என்னிடம் விட்டார்கள்.

ஒரு அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். படங்கள் இருந்த பக்கத்தில் என் நடுக்கோடு இருந்தது. எந்தக் கடையும் போகாத பழைய கோடு, என் கையால் வரைந்தது. மேற்குக் கோட்டை முழு அறிக்கையிலும் தேடினேன். இல்லை. பின்னிணைப்பிலும் இல்லை.

பொறியியலாளர் தன் மேசை லாச்சியைக் காலி செய்துகொண்டிருந்தார். அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போக அலுவல் சரிவந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும்.

“சேர், இதிலை பழைய கோடுதானே இருக்கு?”

“ஓம். வெளிநாட்டு நிபுணர்மார் அதைத்தான் ஒத்துக்கொண்டவை.”

“எப்ப சேர்?”

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். நாங்கள் சிவப்பு மை அடிக்கத் தொடங்குவதற்கு முதலே.

“அப்ப அந்தப் புள்ளடியள்?”

“அது ஒரு மாற்று யோசனை. மாற்று யோசனையையும் களத்திலை பாத்து வைக்கிறதுதான் முறை.” பிறகு லாச்சியைச் சாத்தினார். “நீர் கெட்டிக்காரி. ஒரு சான்றிதழ் எழுதித் தாறன், பிறகு உதவும்.”

வியாபாரிக்கும் அவருக்கும் நடுவே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணால் கண்டதும் இல்லை, கையில் ஒரு தாளும் இல்லை. அதனால்தான் இன்றுவரை ஒருவரையும் நேரே கள்ளன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சான்றிதழை மட்டும் வாங்கினேன். அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

நடுக்கோட்டுப் படத்தின் ஒரு பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்குப் போனேன். அத்தான் அதை மேசையில் விரித்தார். நான் விளக்கிச் சொல்லச் சொல்ல நாற்பத்தொன்றாம் காணியின்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் தாளின் விளிம்பை நீவிவிட்டு, “நல்ல தாள். சட்டம் போட்டுத் தரட்டோ?” என்றார். அக்கா உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அத்தானும் நானும் வியாபாரியிடம் போனோம். அவர் கதிரை போட்டு இருத்தினார். சோடா தருவித்தார். படத்தைப் பார்க்கவேயில்லை.

“தம்பி, நான் என்ன உம்மடை கையைப் பிடிச்சே கையெழுத்து வைப்பிச்சனான்? நீர் விசாரிச்சிட்டுத்தானே வந்தனீர். உம்மடை மச்சாள்தானே விக்கிறது நல்லம் எண்டு சொன்னவ.”

அத்தான் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கந்தோர் வாசலில் நான் சொன்னது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு அத்தானே சொன்னார், உறுதி எழுதிய அன்று தானேதான் வியாபாரியிடம் அதைச் சொன்னாராம். மச்சாள் சொல்லித்தான் மனம் வந்தது என்று. என்னில் நம்பிக்கை என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு அரசாங்கக் கந்தோரில் மனுக் கொடுத்தோம். அந்தத் திட்டம் தங்கள் கோப்பிலேயே இல்லை என்றார்கள். வேறு ஒரு கந்தோரில், திட்டம் இருந்தது, ஆனால் சுவரில் மை அடிக்கத் தாங்கள் சொல்லவில்லை என்றார்கள். யார் சொன்னார்கள் என்று கேட்டோம். நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள். நிறுவனத்தின் தொலைபேசி வேலை செய்யவில்லை. மூன்றாவது தடவையோடு அத்தான் நிறுத்திவிட்டார். “வேலை கெடுது பிள்ளை” என்றார்.

நான் திரும்பவும் வீட்டுப் படம் வரைகிற வேலைக்கு வந்தேன். நெல்லியடியில் ஒரு சின்னக் கந்தோர், முதலாளியும் நானும் மட்டும். போன வருடம் முதலாளி ஒரு பெரிய வேலை பிடித்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் மாபிள் கற்கள் விற்கிற மூன்று மாடிக் கட்டடம், முன்னுக்கு வாகனம் விட இடம். காணிப் படத்தை என் மேசையில் வைத்தார். நான்கு ஒடுங்கிய காணிகளை ஒன்றாக்கியிருந்தார்கள். அளவுகளைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை, எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முதலாளிக்கு என்னை விட்டால் ஆளில்லை, எனக்கும் அந்தக் கந்தோரை விட்டால் வேலையில்லை. இரண்டு நாள் தலையிடி என்று வீட்டில் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் போய் வரைந்தேன். நன்றாகவே வரைந்தேன், பிழை விட்டு வரைய எனக்குத் தெரியாது.

வேறு யாரும் சொல்லிக் கேள்விப்பட முதல் நானே சொல்லிவிட வேண்டும் என்று அக்காவிடம் போனேன். அத்தான் கண்ணாடி எடுக்கப் போயிருந்தார். அக்கா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

“கிணறு?” என்று கேட்டாள்.

வீட்டின் பின்னால் இருந்த கிணறு. அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர் இருந்தது அதில் மட்டும்தான். பக்கத்து வீட்டார் எல்லாம் அங்கேதான் அள்ளினார்கள்.

“மூடீட்டினம். அதுக்கு மேலை ஒரு தூண் வருது.”

“நீ வைச்ச தூணோ?”

“ஓம் அக்கா.”

அவள் ஆய்ந்த கீரையைச் சுளகிலிருந்து சட்டிக்குள் தட்டினாள். தண்ணீர் ஊற்றி அலசினாள். இரண்டாம் தண்ணீர் ஊற்றும்போது, “அத்தானுக்கு இதைச் சொல்லாதை” என்றாள். நான் சரி என்றேன். பிறகு அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நானும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பி வந்துவிட்டேன்.